மாமா தொலைந்துபோன ரயில் நிலையம்

நியூ ஜெர்சியில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் அமெரிக்கா வந்த வழியில் ஏதாவதோர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் வரலாற்றை அட்டையில் எழுதி வரவேண்டும் என்று டீச்சர் சொன்னார். மற்றப் பிள்ளைகள் விமான நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் அதைவிட நல்ல இடம் இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி வழியாக நெதர்லாந்துக்குப் போய், அங்கே சில வருடம் அகதியாக இருந்து, பிறகு அப்பாவைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். அவர் நெதர்லாந்தில் முதன்முதலாகக் கால் வைத்தது எல்லையோரச் சிற்றூர் ஒன்றின் பழைய ரயில் நிலையத்தில்.

இதைச் சொன்னது அப்பா. அம்மாவிடம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம்தான் வரும்: குளிர், உருளைக்கிழங்கு.

நூலகத்திலும் இணையத்திலும் தேடினேன். நிலையம் செங்கல்லால் கட்டிய அரண்மனை போல இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரச குடும்பத்துக்கென்றே ஒரு காத்திருப்பு அறை. ராணி வந்தால் மட்டும் திறப்பார்களாம். நான் மயங்கிப்போனேன். சமையலறைக்கு ஓடி, அந்த அறையைப் பார்த்தீர்களா என்று அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். வீட்டில் அம்மாவும் அப்பாவும் தமிழில் பேசுவார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவேன்.

"நான் அங்க கக்கூஸ் ஒண்டைத்தான் பார்த்தனான் பிள்ளை. கையைக் கழுவிப்போட்டு வா, சோறு ஆறுது."

இவ்வளவு அழகான இடத்தில் இறங்கி, கக்கூஸை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் நீச்சல் வகுப்புக்குப் போகும் வழியில் அப்பா காரில் மெதுவாகச் சொன்னார். "அம்மாவை அதுகள் கேக்காதை. அவவும் உன்ர மாமாவும் ஒண்டாத்தான் வந்தவை. அந்த ஸ்டேஷனிலதான் பிரிஞ்சு போச்சினம்."

எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே அப்போதுதான் தெரியும். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. பிரிந்து போவது என்றால் என்ன என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நானும் ஒருமுறை மாலில் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தொலைந்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள், அம்மா ஓடிவந்தார்.

மூன்றாக மடியும் அட்டை. முதல் பகுதியில் கட்டடத்தின் கதை, ராணியின் அறை. இரண்டாவதில் போர்க்காலம்: அந்த ஊரின் யூதக் குடும்பங்கள் அதே நடைமேடையிலிருந்து ரயிலேற்றப்பட்டதையும், மிகச் சிலரே திரும்பி வந்ததையும் எழுதினேன். மூன்றாவதில், ஊதா நிறத்தில், பெரிய எழுத்தில்: 'என் மாமா இங்கே தொலைந்துபோனார்.' கீழே ஒரு பையனை வரைந்து, அவன் தலைக்கு மேலே ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

பெற்றோருக்குக் காட்டும் நாளில் அம்மா ஆஸ்பத்திரி லேபிலிருந்து வேலை உடுப்போடேயே நேராக வந்தார். டீச்சர் இரண்டாவது பகுதியைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு இளகிய மனமுள்ள பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு மூன்றாவதைப் படித்தார். அம்மாவின் கையைத் தொட்டு, உங்கள் சகோதரர் பிறகு கிடைத்தாரா என்று கேட்டார்.

அம்மா நான் வரைந்த பையனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குச் சகோதரர் யாரும் இல்லை" என்றார், தெளிவான ஆங்கிலத்தில்.

என் அட்டையை, என் ஆராய்ச்சியை, எல்லார் முன்னாலும் பொய்யாக்கிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. அம்மா பொய் சொல்கிறார் என்று உரக்கக் கத்தினேன். பக்கத்து மேசைகளில் நின்றவர்கள் திரும்பினார்கள். டீச்சர் சிரிக்க முயன்று, அடுத்த பிள்ளையிடம் போனார். அம்மா தன் கைப்பையின் பூட்டைத் திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

நான் கல்லூரிக்குப் போன வருடம்தான் அப்பா மிச்சத்தைச் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கள்ளமாக எல்லை கடத்திவிடும் ஏஜென்ட் இருவரையும் வெவ்வேறு பெட்டிகளில் ஏற்றி, இறங்கியதும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நடக்கச் சொல்லியிருந்தானாம். மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அக்கா பாரமான பையைத் தூக்க முடியாமல் தூக்கி வருவதைக் கண்டதும், சொன்னதையெல்லாம் மறந்து, அதைத் தான் வாங்கித் தூக்கப் போயிருக்கிறார். பொலிஸ் அங்கேயே மறித்தது. அம்மாவின் கள்ளப் பாஸ்போர்ட் தப்பியது, மாமாவுடையது பிடிபட்டது. இந்தப் பெண் யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றார் மாமா. இவனைத் தெரியுமா என்று அம்மாவைக் கேட்டார்கள். தெரியாது என்றார் அம்மா. பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மாமாவை ஏற்றிய ரயில் புறப்படும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றார்.

மாமாவைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்குப் போகும் வழியில் ஒரு ராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறக்கினார்களாம். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் யாருமில்லை. படத்தை மாட்டினால் மாலை போடவேண்டி வரும் என்று அம்மா மாட்டவேயில்லை.

அட்டையைக் காட்டிய அன்று பின்னேரம் எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நேரே அப்பாவிடம் போய் முறையிட்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். நான் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னும் காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"சொறி பிள்ளை. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

மன்னிப்புக் கேட்பவர்களை மன்னிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்றேன். ஆனால் இனிமேல் யாராவது மாமாவைப் பற்றிக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகவும் சொன்னேன்.

"ஓம்" என்றார் அம்மா.

சொன்ன பிறகும் எழுந்து போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னித்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது என்றேன்.