குதிரை உள்ளே நுழையுமா

விரல்கணு உயரமுள்ள பிளாஸ்டிக் குதிரைகளால்தான் எனக்கும் பாவாவுக்கும் கொஞ்ச காலம் பேச்சு நின்றுபோனது.

பாவா என் அக்காவின் கணவர். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார். நான் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஊரடங்கில் தறிகள் ஓடாமல் கிடந்தபோது, மேசைமேல் சிப்பாய் பொம்மைகளை அணிவகுக்க வைத்துப் பழைய காலத்துப் போர்களை விளையாடுகிறவர்களை பாவா செல்போனில் பார்த்தார். அந்த வாரமே ஒரு பெட்டி பொம்மைகளுக்கு ஆர்டர் போட்டார். அவற்றுக்கு வர்ணம் பூசக் கூப்பிட்டதில் நானும் மாட்டிக்கொண்டேன். தறிக்கூடத்தின் ஓரத்தில் ஒரு நீளமான மேசை. அதன்மேல் புல்வெளிக்காக பாவாவே நெய்த பச்சைத் துணி. தூரம் அளக்கத் தையல் டேப். எப்போதும் காலாட்படை அவருக்கு, குதிரைப்படை எனக்கு.

சண்டை வந்தது ஒரு விதியைப் பற்றி. குதிரைப்படை பாய்கிறது என்று நான் அறிவித்தால் அவர் பகடை உருட்ட வேண்டும். எண் குறைவாக விழுந்தால் அவருடைய சிப்பாய்கள் பயந்து கலைவார்கள், என் குதிரைகள் புகுந்து வெட்டிக்கொண்டு போகும். எண் போதுமானதாக விழுந்தால் சிப்பாய்கள் தோளோடு தோள் சேர்ந்து, துப்பாக்கிக் கத்தியை நீட்டியபடி நிற்பார்கள். அப்படி நின்றுவிட்டால் குதிரைகள் மோதவே கூடாது, கிட்டே வந்து திரும்பிவிட வேண்டும் என்றது விதிப் புத்தகம்.

"நிக்கிறவன் மேல எந்தக் குதிரயும் வந்து வுழாதும்மா. அதுக்கு உசுரு மேல ஆச இருக்காதா?" என்றார் பாவா.

"அவ்ளோ வேகமா வந்துகினு இருக்கறப்ப டக்குனு நிக்க முடியுமா பாவா? ஆறு தடவைல ஒரு தடவயாவது உள்ள பூந்துரும். நான் ஒரு பகடை போடறேன், ஆறு வுழுந்தா மோதுதுன்னு வெச்சிக்கலாம்."

"புக்குல இல்லாதத நீ எழுதுவியா?"

"எழுதினவன் மட்டும் குதிரை மேல போய்ப் பார்த்துட்டா எழுதினான்? உங்களுக்கும்தான் குதிரையப் பத்தி இன்னா தெரியும், தறியத் தவிர?"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "பொம்மைக்காக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்றீங்களே" என்று அக்கா எங்கள் இருவரையும் திட்டினாள்.

அந்த நிலையில்தான் பெரியம்மா மகனின் கல்யாணம் வந்தது. திருத்தணியில், அரக்கோணம் போகும் சாலையில் மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்கு சித்தூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக் குதிரை ஒன்றை வரவழைத்திருந்தார்கள். பேண்டு வாத்தியம் முன்னால், குதிரைமேல் மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் தலையில் விளக்குச் சுமந்த பெண்கள். எல்லா விளக்குகளையும் ஒன்றோடொன்று கோத்த ஒரே ஒயர், பின்னால் வந்த ஜெனரேட்டர் வண்டியில் போய் முடிந்தது.

மண்டப வாசலில் நான் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை இறங்கி, ஆரத்தி முடிந்து, உள்ளே போய்விட்டார். குதிரைக்காரர் குதிரையைத் திருப்பித் தெருவின் மறுகோடிக்கு நடத்திக்கொண்டு போனார். விளக்குப் பெண்கள் தெருவின் குறுக்கே ஒரு வரிசையாக நின்று, ஒயரைக் கழற்ற ஆள் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், அவர்களில் ஒருத்தியாக என் அக்கா, குழந்தைகள். விளக்கு வரிசைக்கு நடுவில், ஜெனரேட்டர்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு பாவா.

மறுகோடியில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.

குதிரை முன்னங்கால்களைத் தூக்கியதைத்தான் முதலில் பார்த்தேன். குதிரைக்காரர் வாரை விடாமல் கொஞ்ச தூரம் இழுபட்டுப் போய் விழுந்தார். அது திரும்பி எங்களை நோக்கி ஓடி வந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தியிருந்த பைக்குகளும் கார்களும், மறுபக்கம் ஜெனரேட்டர் வண்டி. ஒதுங்க இடமில்லை. சிமெண்டுச் சாலையில் லாடம் அடிக்கும் சத்தம் வெடிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

விளக்கு வரிசை அசையவில்லை. பாவாவும் அசையவில்லை.

குதிரை நேராக அவரைப் பார்த்து வந்தது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் முன்னங்கால்களை ஊன்றிச் சறுக்கியது. லாடத்தில் தீப்பொறி பறந்தது. கழுத்தை உயர்த்தி, கண் பிதுங்க, நுரையை அவர் சட்டைமேல் சிந்தியபடி அது நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம் தெருவில் யாரும் நகரவில்லை.

அப்போது வரிசையின் கடைசியில் ஜெனரேட்டர் வண்டியை ஒட்டி நின்ற ஒருவர், பெண் வீட்டு உறவு, பயந்துபோய் மண்டபத்துக்குள் ஓடினார். அவர் நின்ற இடம் காலியானது. குதிரை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, அந்தச் சந்தில் புகுந்தது. சீர்த்தட்டுகள் பறந்தன. நான் ஆரத்தித் தட்டைப் போட்டுவிட்டு ஓடி, அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். குதிரையின் விலா அவள் தோளை உரசிக்கொண்டு போனது. வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் மோதி, அதற்குமேல் போக வழியில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. குதிரைக்காரர் நொண்டி நொண்டி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் முட்டியிலும் குதிரையின் முட்டியிலும் தோல் வழன்றிருந்தது. வேறு யாருக்கும் அடி இல்லை.

அன்று பந்தியில் பாவாவைப் பற்றித்தான் பேச்சு. "பொண்டாட்டிய காப்பாத்த மலை மாதிரி நின்னாரு" என்றார்கள். மாப்பிள்ளையே வந்து கை கொடுத்தார். பாவா தலை குனிந்து, இலையில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அவரிடமிருந்து போன் வந்தது. போனேன். பச்சைத் துணி விரித்திருந்தது, பொம்மைகள் பெட்டியிலேயே இருந்தன.

"நீங்க சொன்னதுதான் பாவா கரெக்டு. நிக்கிறவங்க மேல மோதல" என்றேன். மன்னிப்புக் கேட்கவும் வந்திருந்தேன், ஆனால் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நான் நிக்கலம்மா. ஓடத்தான் திரும்பினேன். பின்னாடி உங்க அக்கா கீறதுகூட அப்ப நெனப்புல இல்ல." தறிக்கூடக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்துல வெளக்கு தூக்கினு இருந்த அம்மா என் கைய புடிச்சிகிச்சு. 'நவுராதீங்க தம்பி, ஒருத்தர் நவுந்தா ஒயரு இழுத்து எல்லாரும் வுழுவோம்'னுச்சு. அதனால நின்னேன். அந்தம்மா தலைல அவ்ளோ பாரம். அதுக்கு யாராச்சும் கை கொடுத்தாங்களா?"

"அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"ஆங், இப்ப சொல்லிட்டீங்க" என்றது பின்னால் ஒரு குரல். அக்கா டீ டம்ளர்களோடு நின்றிருந்தாள். பாவாவின் முகம் வெளுத்துப்போனது. அவள் டம்ளர்களை மேசை ஓரத்தில் வைத்தாள். "நானும்தான் உங்கள தள்ளிட்டு ஓடலாம்னு பார்த்தேன். தட்டு கைல இருந்துச்சு, முடியல" என்றாள். சிரிக்கவில்லை. அவர் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

அன்று விளையாடவில்லை. விதியைத்தான் திருத்தினோம். நெருக்கமாக நிற்கும் வரிசையில் குதிரை மோதாது. அதில் நான் தோற்றதை ஒப்புக்கொண்டேன். ஆனால் வரிசை மொத்தத்துக்கும் ஒரே பகடை என்பதை பாவா பேனாவால் அடித்துவிட்டார். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் சிப்பாய்க்குப் பகடை வேண்டாம்; ஒரு பக்கம் மட்டும் ஆள் உள்ள கடைசிச் சிப்பாய்க்குத்தான் உருட்ட வேண்டும். அவன் கலைந்தால் குதிரை அந்த வழியாக உள்ளே வரலாம்.

ஆடி மாதம் முடிந்து கல்யாணங்கள் மறுபடி தொடங்கியதும், விளக்குக்காரர்களிடம் விசாரித்து அந்த அம்மாவை பாவா கண்டுபிடித்தார். திருவாலங்காட்டுப் பக்கம் வீடு, பகலில் கரும்பு வெட்டப் போகிறவர். அக்காவும் அவரும் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவுக்கு குதிரை ஞாபகம் இருந்ததாம், பாவாவை ஞாபகம் இல்லையாம்.

"கைய புடிச்சேனா? பயத்துல யாரையோ புடிச்சிருப்பேன் தம்பி" என்று சொல்லி, புடவையை வாங்கிக்கொண்டாராம்.