மோதிரத்துக்குள் நுழையும் சால்வை

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டுற பொண்ணு ஒன்னு, மோதிரத்துக்குள்ள முழுசா நுழையுற சால்வை பின்னுதாம்டி. பக்கத்து வூட்டுக்காரி சொன்னா."

சித்தி போனில் இதைச் சொன்னபோது நான் கனடாவில் இருந்தேன். பாதிதான் நம்பினேன். ஆனாலும் லீவுக்குக் கிளம்பும்போது பல அளவுகளில் பின்னல் ஊசிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களோ என்று வழியெல்லாம் பயம்.

வந்து பார்த்தால் சால்வையே இல்லை! "இன்னும் ஊசியே முடிவாகலக்கா," என்று சிரித்தாள் பானுப்ரியா. பூலாம்பாடியிலிருந்து காலை பஸ்ஸில் பூக்கூடையோடு வருகிறவள். பின்னல் மொபைலில் பார்த்துக் கற்றது. அவளுடைய தங்கை நந்தினி, தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டபோது இவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து பேச்சில்லை. நந்தினி இப்போது நான் இருக்கும் ஊரில், கைக்குழந்தையோடு. சால்வை அந்தக் குழந்தைக்கு.

ஆன்லைனில் வாங்கிய மெல்லிய கம்பளி நூல் ஒரே ஒரு உருண்டைதான். ஊசி தப்பானால் எல்லாமே தப்பாகிவிடும்.

"நூல் லேபிள்ல மூணு மில்லிமீட்டர் ஊசின்னு போட்டிருக்கே, அதையே எடு," என்றேன். லேபிளை மீற எனக்குத் தைரியம் வராது.

அவள் உள்ளங்கை அளவு பின்னிக் காட்டினாள். இலை வடிவத்துக்காக விட்ட ஓட்டைகள் எல்லாம் மூடிக் கிடந்தன.

"சாக்கு மாதிரி இருக்குல்ல? என் கை பூக்கட்டுற கைக்கா. லூசா வுட்டா மல்லி உதிர்ந்துடும்னு இறுக்கியே பழகிடுச்சு."

நாலு மில்லிமீட்டரில் கொஞ்சம் மூச்சு வந்தது. ஐந்தில் இலைகள் அழகாக விரிந்தன. ஐந்துதான் என்று நான் குதித்தேன். அவளும் தலையாட்டினாள்.

மறுநாள் போனபோது தூரத்திலேயே கையை ஆட்டினாள். "அக்கா, ஓடி வாங்க!"

மாதிரித் துண்டுகள் பூவின்மேல் போட்டிருந்த ஈரத்துணிக்குள் விழுந்து கிடந்திருக்கின்றன. நாலில் பின்னியது விரிந்து, இலையும் நரம்பும் துல்லியமாகத் தெரிந்தன. ஐந்தில் பின்னியதோ இளகி, கிழிந்த வலைபோலத் தொங்கியது. நனைந்து காய்ந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை!

பக்கத்துக் கொய்யாப்பழக்காரி கொளஞ்சியம்மாள் விடவில்லை. "பூக்காரி முழம் எப்பவும் குறையும்பாங்க. ஒன் முழம் தண்ணி பட்டா வளருதேடி!"

"அப்ப ஒனக்கும் ஒரு வாளி ஊத்தட்டுமா?" என்றாள் பானு. நாலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் வீட்டில், அலசி, விரிந்து காய்வதற்காகப் புடவைப் பின்களால் மெத்தையில் இழுத்துக் குத்தியிருந்த சால்வையை எடுத்தோம். அவள் விரல் மோதிரத்தைக் கழற்றினாள். முனையைத் திரித்து நுழைத்தாள். வழுக்கிக்கொண்டு போனது! நான் கத்தியதில் கட்டியிருந்த ஆடு மிரண்டது.

பாதியில் பானு நிறுத்திவிட்டாள்.

"அவ வாங்கிப்பாளாக்கா? கேக்காம கொண்டுபோயி, அங்க அவ வாசல்ல நீங்க நிக்க வேணாம்."

"என் போன்லேர்ந்து கூப்பிடட்டுமா? கனடா நம்பர்னா எடுப்பா."

"வேணாங்க. என் நம்பருன்னு தெரிஞ்சே எடுக்கட்டும்."

வீடியோ காலை அழுத்தி, மோதிரமும் சால்வையும் தெரியும்படி போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தாள். அங்கே இப்போது காலை. நந்தினி விழித்துத்தான் இருப்பாள். பாதிச் சால்வை மோதிரத்துக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.