நைரோபிக்கும் அக்ராவுக்கும் இடையே

நைரோபியிலிருந்து அக்ராவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஆறு மணித்தியாலத்தில் போய்விடலாம். எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் இதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களென்று வயதுப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். கனடாவுக்கென்று புறப்பட்ட என் தம்பியை ஏஜென்சிக்காரன் நைரோபியில் ஓர் அறைக்குள் போட்டு வைத்திருந்தான். அக்ராவுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து கனடாவுக்கு ஏற்றிவிடுவானாம். எப்போது கேட்டாலும் "அடுத்த கிழமை" என்பான். தம்பி சந்தியிலிருந்த கொமினிகேஷன் என்கிற போன் கடைக்கு அழைப்பான். கடைக்காரர் ஆள் அனுப்ப, நானும் அம்மாவும் விழுந்தடித்து ஓடுவோம்.

அம்மாவுக்கு ஆபிரிக்கா என்றால் ஓர் ஊர், அவ்வளவுதான். "எல்லாம் ஆபிரிக்காதானே மனே, பஸ்ஸில போனா என்ன?" என்று கேட்டு அவனைச் சிரிக்க வைத்தாள்.

"ஆறு மணித்தியாலப் பிளைட்டும்மா. நம்மட ஆக்கள் கொழும்புக்குப் போற நேரம்கூட இல்ல," என்றான். டிக்கெட் வந்துவிட்டது, ஞாயிறு கழிந்து புதன்கிழமை பயணம் என்றும் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடல் வந்தது. நாங்கள் வாவிப் பக்கம் ஓடித் தப்பினோம். கொமினிகேஷன் இருந்த இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. எங்காவது ஒரு போனைப் பிடித்து, "உசிரோட இருக்கம், நீ ஏறு" என்று சொல்ல முடிந்திருந்தால் போதும். முடியவில்லை. அந்த ஒரு வார்த்தை போய்ச் சேராததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தம்பி அங்கே டிவியில் எங்கள் கரையைப் பார்த்திருக்கிறான். அக்ரா பிளைட்டை விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எங்களை அடக்கம் செய்ய வந்தான். பொங்கலுக்கு முன் ஒரு நாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். அம்மா சோற்றுக்கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏன்டா வந்த?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, அவன் கையை விடவில்லை.

"நீங்க ஆரும் இல்லாம கனடாவில நான் என்ன செய்ற அக்கா? மறுகாப் போவன்," என்றான்.

பிறகு போக வழி அமையவில்லை. மீண்டும் சண்டை தொடங்கிய நாட்களில், உன்னிச்சைப் பக்கம் வட்டைக்கு எங்கள் வயலைப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. யுத்தம் முடிந்ததும் முகாம் முகாமாக அவன் படத்தைக் காட்டித் திரிந்தோம். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

அவன் நைரோபியிலிருந்து வந்த மறுநாளே அம்மா என்னைக் களுதாவளைப் பிள்ளையாரிடம் கூட்டிப்போனாள். பிளைட் ஏறாமல் பிள்ளை வீடு வந்ததற்கு நன்றியாக ஆளுக்கொரு தேங்காய் உடைத்தோம். என்னுடையது பிசகில்லாமல் சரிபாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.