அந்தி எப்போது ஆகும்?

வடதுருவத்துக்கு அருகே வானத்தில் பச்சை வெளிச்சம் திரைச்சீலைபோல் அசையும் என்று இந்தப் பத்திரிகையில்தான் படித்தேன். பாறசாலையை விட்டு அதிகம் நகராத எனக்கு, நார்வேக்குப் போய் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. தனு மாத, அதாவது மார்கழிப் பனிக்கே காதில் துணி கட்டுகிற உடம்பு இது. ஆகவே குளிர் குறைந்திருக்கும் மிதுன மாதத்தில், அதாவது ஆனியில், அங்கே போய்ச் சேரும்படி திட்டம் போட்டேன்.

என் மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"பிரதோஷத்துக்கு அந்தி கழிஞ்சுதானே நீங்க சாப்பிடுவிய? அங்க எப்பம் அந்தியாவும்? கேட்டுட்டு வாருங்க."

இதைப் போய்க் கேட்பதா என்று கூச்சம்தான். ஆனாலும் டிக்கெட் எடுக்கத் திருவனந்தபுரம் போனபோது கப்பல் ஏஜெண்டிடம் கேட்டேன். அவர் நெய்யாற்றின்கரைக்காரர்.

"மிதுனத்திலயா அண்ணாச்சி? அப்பம் அங்க சூரியன் அடையவே செய்யாது. அந்தியும் கெடையாது, ராத்திரியும் கெடையாது. இருட்டினாத்தானே அந்த வெளிச்சம் தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடல் கடந்து போய், வெறும் பகல் வானத்தை அண்ணாந்து பார்த்து, பிரதோஷத்துக்குப் பட்டினியும் கிடந்து திரும்பியிருப்பேன்!

பயணத்தைத் தை மாதமான மகரத்துக்கு மாற்றி, இப்போது கம்பளி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே எப்போது இருட்டும் என்று முதலிலேயே கேட்பது வழக்கமாகிவிட்டது. போன வாரம் காஞ்சிரங்குளத்தில், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நுழைந்ததும் அதைத்தான் கேட்டேன். சம்பந்தியம்மாள் உடனே என் மகளிடம் திரும்பி, "மக்கா, ஒன் அப்பாக்குப் பாய் எடுத்துப் போடு. ராத்திரி தங்கத்தான் வந்திருக்காவ" என்றார்.