தொட்டில் வீட்டு ப்ரூச்

டோலினா வாஸுக்கு வெள்ளி என்றால் மூக்கில் வேர்த்துவிடும். தெயின் வட்டாரத்தில் எந்தப் பண்ணையில் கிழவர் செத்தாலும், பாதிரியாருக்கு அடுத்தபடி வாசலில் போய் நிற்பது அவள்தான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். "இன்னும் மூச்சு இருக்கு டோலினா, அப்புறமா வா" என்று ஒரு வீட்டு மருமகள் கதவைத் திறந்து சொன்னதாகக்கூட ஒரு கதை உண்டு. அது யாரோ கட்டிவிட்டது. ஆனாலும் டோலினாவே அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய ஹோட்டலில் அவளுக்குச் சலவை வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுப் போட்டே தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறை. குளிர்காலத்தில் கணப்புப் போடாமல், கோட்டை மாட்டிக்கொண்டே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்பாள். இப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் பண்ணை ஏலங்களில் வெள்ளியாக மாறி அவள் கண்ணாடி அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தது.

எல்லா வெள்ளியும் அவளுக்கு ஆகாது. தெயினில் அடித்ததாக இருக்க வேண்டும். பின்னால் ஊர்ப்பெயர் முத்திரை இருக்க வேண்டும். கரண்டிகள், சர்க்கரைக் கட்டி எடுக்கும் இடுக்கிகள், ஆட்டுக்கொம்பில் மூடி போட்ட பொடி டப்பா, இரண்டு பக்கமும் காது வைத்த விஸ்கிக் கிண்ணம் ஒன்று. அவற்றை யாரும் தேய்த்துப் பளபளக்க வைக்கக் கூடாது, நெளிந்ததை நிமிர்த்தக் கூடாது. ஒருமுறை ஹோட்டல் மேலாளரின் மனைவி பாசத்தோடு ஒரு கரண்டியைத் துடைத்துக் கொடுக்கப் போய், "உங்க மூஞ்சியில இருக்கற சுருக்கத்த யாராச்சும் அரத்தால தேச்சா சும்மா இருப்பீங்களா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இத்தனை சேர்த்தும் என்ன? அவள் ஆசைப்பட்டது வேறு ஒன்று. அது அவள் பிறந்த வீட்டிலேயே இருந்தது.

உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும். இதய வடிவம், தலையில் சின்னக் கிரீடம், பின்னால் தெயின் முத்திரை. அவள் அம்மாவின் வழியில் வந்த வெள்ளி ப்ரூச், துணியில் குத்திக்கொள்ளும் பதக்கம். பிறந்த குழந்தையின் சால்வையில் அதைக் குத்தி வைப்பார்கள். குத்தாவிட்டால் குன்றுக்குள் வாழும் சின்ன ஜனங்கள் வந்து நல்ல குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தங்கள் நோஞ்சான் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடுவதையே பாவம் என்று சொல்லும் கோயில்காரர்களும் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. ப்ரூச் மூத்த பெண்ணுக்கு என்றோ, இளைய பெண்ணுக்கு என்றோ கணக்கில்லை. தொட்டில் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போகும்.

டோலினா மூத்தவள். கல்யாணமாகவில்லை. தங்கை எஃபிக்கு பாலின்டோர் கிராமத்து மீன்பிடிக்காரன் ஒருவனோடு கல்யாணமாகி, அடுத்த வருஷமே ருவாரி பிறந்தான். அன்றைக்கு அம்மா பெட்டியைத் திறந்து ப்ரூச்சை எடுத்தபோது டோலினா பக்கத்தில்தான் நின்றாள்.

"அம்மா, அத நான் பத்திரமா வச்சிருக்கேனே. இவங்களுக்கு வேணும்கறப்ப எடுத்துக் குடுக்கறேன்."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உனக்கு எதுக்குடி? எதுல குத்துவ? தலையணையிலயா?"

அடுப்படியில் இருந்த அத்தைமார் சிரித்தார்கள். எஃபி சிரிக்கவில்லை. ஆனால் டோலினா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. அது சாகும்வரை காதைவிட்டுப் போகவில்லை. பெற்றவளே இப்படிப் பேசினால் மனசு எப்படி ஆறும்?

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எஃபிக்கு இரண்டாவதாக மோர்வன் வயிற்றில் இருந்தாள். ஒருநாள் எஃபி பஸ் ஏறி வந்து, கைக்குட்டையில் சுற்றியதை மேஜைமேல் வைத்தாள். ப்ரூச்சின் ஊசி ஒடிந்திருந்தது.

"ருவாரிப் பய பிடிச்சு இழுத்து ஒடச்சுட்டான் அக்கா. இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். யார்கிட்டயாவது குடுத்துச் சரிபண்ணி வையேன். அவசரமில்ல."

சொல்லிவிட்டு எஃபி உடனே எழுந்து போகவில்லை. தேநீரைக் குடித்தாள். அக்கா கையில் இருந்த ப்ரூச்சையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேற ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டாள். "என்ன வேற?" என்றாள் டோலினா. "ஒண்ணுமில்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எஃபி கிளம்பிவிட்டாள்.

இன்வர்னஸில் ஒரு தட்டான் இருந்தான். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கெல்டிக் பின்னல் போட்ட தோடு, மோதிரம், பாட்டில் திறப்பான் எல்லாம் செய்து விற்பவன். அந்தப் பின்னலைப் போட்டால் அமெரிக்காக்காரன் குதிரை லாடத்தைக்கூட வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வான் என்று டோலினா அவனைத் திட்டாத நாளில்லை. அன்றைக்கு அவனிடமே போய் நின்றாள்.

"ஊசி மாத்தணும். அப்படியே இதே மாதிரி இன்னொண்ணு செய்யணும். முடியுமா?"

"செய்யலாம். ஆனா பின்னால முத்திரை அடிக்க மாட்டேன்மா. பொய் முத்திரை அடிச்சுட்டு என்னால ஜெயில்ல போயி உக்கார முடியாது."

"முத்திரை வேண்டாம். அவளுக்கு அது எங்க தெரியப் போகுது?"

தட்டான் ப்ரூச்சை வெளிச்சத்தில் திருப்பினான். "ஓரமெல்லாம் குழிகுழியா நெளிஞ்சிருக்கே. அதையும் செய்யணுமா?"

டோலினா ஒரு நிமிஷம் யோசித்தாள். ரிப்பேருக்குப் போனது நேராகித்தானே திரும்பி வரும்? "வேண்டாம். வழவழன்னே இருக்கட்டும்" என்றாள்.

புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எஃபி அதை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றாள். "நல்லா பண்ணியிருக்கான்" என்றாள். பிறகு அடுப்பில் கெட்டிலை வைத்தாள். டோலினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பழையது டோலினாவின் மேஜை டிராயருக்குள், துண்டுகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சேர்க்கிறவர்களுக்குப் பாதி சந்தோஷம் வைத்திருப்பதில், மீதி நாலு பேர் பார்த்து வயிறு எரிவதில். எடின்பரோவிலிருந்தும் அபர்தீனிலிருந்தும் அவளைப் போன்ற பைத்தியங்கள் வருவார்கள். ஓட்ஸ் ரொட்டி தின்றுகொண்டே கரண்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒருவர் சொன்னார்: "தெயின்ல இதய ப்ரூச் அடிச்சதே கிடையாதுங்க. நானும் தேடாத இடமில்ல." டோலினாவின் முழங்கை அந்த டிராயர்மேல்தான் இருந்தது. "அப்படியா" என்று சொல்லி, வந்த ஆத்திரத்தை எச்சிலோடு விழுங்கினாள்.

மோர்வனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று எஃபி ப்ரூச்சை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். "இந்தா, நீயே குத்திவிடு." டோலினா குத்தினாள். தன் மனசு நோகக் கூடாதென்று தங்கை கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். வருஷங்கள் ஓடி, மோர்வனுக்கே இஷ்பெல் பிறந்தபோதும் அதே கதை. "குத்திவிடு அக்கா." எஃபி பக்கத்தில் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு எதற்கு என்று இந்த மகராசி ஒருநாளாவது யோசித்தாளா என்றால், இல்லை.

டோலினாவுக்கு நெஞ்சுவலி வந்தது. படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டர் நாசூக்காகச் சொன்னதை அவள் நாசூக்கில்லாமல் புரிந்துகொண்டாள். அந்தச் சமயத்தில்தான் ஊர் அருங்காட்சியகத்துப் பெண் அவளைத் தேடி வந்தாள். டோலினாவின் வெள்ளி முழுவதையும் தனி அறையில் வைத்து, அறைக்கு அவள் பெயரையே சூட்டுவதாகச் சொன்னாள். சலவைக்காரிக்கு ஓர் அறை! டோலினா அன்றைக்குக் கணப்பில் கரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் ப்ரூச் இல்லாத அறை அவளுக்கு எதற்கு? அது அங்கே இல்லாவிட்டால் அத்தனை கரண்டியும் வெறும் கரண்டி.

அவள் ஒரு திட்டம் போட்டாள். எஃபியிடம் ப்ரூச்சை இரவல் கேட்பது. வாங்கி வந்து, அதை ஒளித்துவிட்டு, பழையதைக் கண்ணாடிக்குள் வைப்பது. கீழே எஃபியின் வீட்டுப் பெயரைப் போடுவது. திருடியது திருட்டு இல்லாமலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

எஃபி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மோர்வன் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டோலினா விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தாள்.

"என்கிட்ட எதுக்கு அக்கா கேக்குற?" என்றாள் எஃபி. கை மாவைப் பிசைந்துகொண்டே இருந்தது. "உன் வீட்டுலதான இருக்கு, அங்க தேடு."

டோலினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"குடுத்த அன்னிக்கே. ஓரமெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. அதெல்லாம் என்ன குழின்னு நெனச்ச? பல்லு வரப்ப சால்வையோட சேத்துக் கடிச்ச கடி. அம்மாவோடது, உன்னோடது, என்னோடது, ருவாரியோடது. மொதல்ல, தட்டான் நிமித்திட்டான்னுதான் நெனச்சேன். அப்புறம் தோணுச்சு. ஒரு கரண்டிய தொடச்சதுக்கு அந்த அம்மாவ அந்தக் கிழி கிழிச்சவ நீ. நீயா நிமித்த விடுவ?"

வெள்ளியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவள், தன்னைப் பற்றித் தங்கைக்குத் தெரியும் என்பதை மறந்துபோனாள்.

"அப்ப ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவியேன்னு. குழந்தைக்கு நீயே குத்துன்னு எதுக்குக் குடுத்தேன்? அப்பவாவது வாயத் தொறப்பியேன்னு." எஃபி மாவை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். முதல் தடவையாகக் குரல் உடைந்தது. "ஒடஞ்ச ஊசிய சரிபண்ண பாலின்டோர்ல ஆளே இல்லயா அக்கா? உன்கிட்ட ஏன் தூக்கிட்டு வந்தேன்? 'எஃபி, இத நான் வச்சுக்கட்டுமா'ன்னு ஒரு வார்த்தை கேப்பியேன்னுதான். நீ கேட்டிருந்தா அங்கயே விட்டுட்டு வந்திருப்பேன். அம்மா அன்னிக்குப் பேசினது எனக்கும் வலிச்சுது. நானா குடுத்தா பிச்சை போட்ட மாதிரி நெனப்பியோன்னு பயந்தேன்."

மோர்வன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். "இரு" என்றாள் எஃபி.

டோலினா அன்றைக்கே தெயினுக்கு டாக்சியில் போய்த் திரும்பி வந்தாள். டாக்சி வைத்துப் போகிற ஆள் இல்லை அவள். பழைய ப்ரூச்சை மாவு படிந்த மேஜைமேல் வைத்தாள்.

"வச்சுக்கோ எஃபி. உன் வீட்டுது. தப்புப் பண்ணிட்டேன். என்னை என்ன வேணா சொல்லு, இத எடுத்துக்கோ."

எஃபி அதைக் கையில்கூட எடுக்கவில்லை. இஷ்பெல்லின் சால்வையிலிருந்து மற்றதைக் கழற்றி அக்காவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். முத்திரை இல்லாத, இன்வர்னஸ் தட்டான் செய்த புதுசு. ஓரம் முழுவதும் நெளிந்திருந்தது.

"இது மோர்வன் பல்லு. இந்தப் பக்கம் சின்னதா இருக்கு பாரு, இது இவ. போன மாசம் கடிச்சது. இதுதான் எங்க வீட்டுது. என் மகளும் பேத்தியும் இதப் போட்டுத்தான் நல்லபடியா வளந்தாங்க. அது உன் வீட்டுல ஒளிஞ்சே கெடந்தது. அத உன் அறையில வை, வேண்டாங்கல. ஆனா எங்க வீட்டுதுன்னு மட்டும் எழுதாத."

"பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லம்மா" என்றாள் மோர்வன் மெதுவாக.

"தெரியும்" என்றாள் எஃபி. "சூப் இருக்கு. குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

டோலினா சூப் குடித்தாள். எஃபி ரொட்டியைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளியை எடுத்துப் போக வந்த அருங்காட்சியகத்துப் பெண் ப்ரூச்சைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இப்படி ஒண்ணு இருக்கவே இருக்காதுன்னுல்ல சொன்னாங்க! எந்தக் குடும்பத்துல இருந்து வந்தது?"

"தெரியாது."

"உங்களுக்கா தெரியாது? ஒவ்வொரு கரண்டிக்கும் மூணு தலைமுறை சொல்லுவீங்களே!"

"தெரியாதுன்னு சொன்னேன்ல" என்று டோலினா எரிந்து விழுந்தாள்.

அறை திறக்கப்பட்ட நாளில் மேயர் வந்தார், பேக்பைப் வாசித்தார்கள், ஹோட்டலில் இருந்து கேக் வந்தது. டோலினாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நடுவே இருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் மொய்த்தது. எஃபியும் வந்தாள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு. அக்காவின் தோளைத் தொட்டாள். தொட்டதும் டோலினாவுக்குக் கண் கலங்கியது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

குழந்தை கண்ணாடிமேல் இரண்டு கையையும் பதித்து, உள்ளே இருந்த வெள்ளியைப் பார்த்துக் குதித்தது.

எஃபி குனிந்து அதன் கைகளை எடுத்துவிட்டாள். "தொடாத கண்ணு. அது யாரோடதோ" என்றாள். பிறகு கேக் இருந்த மேஜைப் பக்கம் நடந்தாள்.