இரண்டு புள்ளி வேர்க்குரு

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அது இரண்டாவது கோடை. மகளுக்கு நான்கு வயது. ஜூன் கடைசியில் அவள் முதுகு, கழுத்து, முழங்கை மடிப்பு எங்கும் வேர்க்குரு. சந்தனம் அரைத்துத் தடவினேன். பவுடர் போட்டேன். கூலருக்கு முன்னால் உட்கார்த்தினேன். ஈரக்காற்று ஒத்துக்கொள்ளாதோ என்று கூலரை அணைத்தேன். அவள் அழுததும் மறுபடி போட்டேன்.

கீழ்வீட்டில் இருந்த பஞ்சாபி அம்மாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரே வைத்தியம் சொன்னார். முதல் மழையில் குழந்தையைச் சட்டையில்லாமல் நிற்க விட வேண்டும். கமோரி, அதாவது வேர்க்குரு, மறுநாளே ஓடிவிடும்.

இந்தியில் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் தமிழில் மறுத்தேன். எங்கள் பக்கத்தில் முதல் மழை என்றால் பூமிச் சூடு கிளம்பும், தலையில் பட்டால் ஜுரம் என்பார்கள். போதாததற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் குழந்தைக்கு நிமோனியா வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அவள் தலை குளித்தால் மூன்று முறை துவட்டுவேன்.

மழை வந்த அன்று மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் போட்டிருந்தேன். தில்லி வெயிலிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். காலையில் இட்டால் மாலையில் டப்பாவில் போடலாம். நாலு மணிக்கு வானம் பழுப்பாகி, புழுதிக்காற்று கதவுகளை அடிக்கத் தொடங்கியது. குழந்தையைக் கீழ்வீட்டில் விட்டேன்.

"வெளியே மட்டும் விடாதீங்க ஆண்ட்டி, ப்ளீஸ்" என்று இந்தியில் கெஞ்சினேன்.

"அச்சா, அச்சா. நீ போய் உன் பாப்படைக் காப்பாத்து" என்றார். வடாமும் அவருக்குப் பாப்பட்தான்.

மேலே போய், வடாம் இட்டிருந்த வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடிப்பதற்குள் மழை கொட்டியது. மூட்டையை அணைத்தபடி கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் முழுவதும் புல்வெளியில் நின்றது. ஆபீஸிலிருந்து திரும்பிய ஒருவர் பையைத் தூணோரம் வைத்துவிட்டு, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஜட்டியோடு, கைகளை விரித்து என் மகள்.

மூட்டையைப் படியிலேயே போட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழைந்து துண்டை உருவிக்கொண்டு ஓடினேன்.

"ஆண்ட்டி, சொன்னேனே."

"ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. திட்டணும்னா அப்புறம் திட்டு. முதல்ல அவ முகத்தைப் பார்."

பார்த்தேன். இரண்டு வாரமாகச் சொறிந்து சிணுங்கிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, முதுகு கடிக்கலை. பாரிஷ் டண்டா டண்டாவா இருக்கு. நீயும் ஆஜா" என்று பாதி இந்தியில் கூப்பிட்டாள். மழை ஜில்லென்று இருக்கிறதாம்.

தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நூறு வரை எண்ணுவோம், பிறகு தூக்குவோம் என்று முடிவு செய்தேன். எண்பதில் சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். துண்டு என் கையிலேயே நனைந்து கனத்தது.

வீட்டுக்குள் வந்ததும் துவட்டி, உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்த்து, மிளகுப் பால் கொடுத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர். கணவர் ஸ்கூட்டரில் தொப்பலாக வந்து சேர்ந்தார்.

"வடாம் போச்சா?"

"வடாமை விடுங்க. இவளை நனைய விட்டுட்டேன். ஜுரம் வந்தா என்ன பண்றது?"

"வந்தா கீழ்வீட்டு அம்மா மேல கேஸ் போடலாம். வரலேன்னா உன் மேல. இத்தனை நாள் நனைய விடாததுக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்வீட்டிலிருந்து வெங்காய பக்கோடா வந்தது. ஒன்றைக்கூட நிம்மதியாகத் தின்னவில்லை.

காலையில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மாலையிலும் அதுவே. மூன்றாம் நாள் முதுகு ஏறக்குறைய வழவழப்பாகிவிட்டது. மழைதான் என்றார் கீழ்வீட்டு அம்மாள். சந்தனம் என்றேன் நான். வெயில் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார் கணவர். பிழைத்த வடாமை வறுத்துக் கீழே கொடுத்தனுப்பினேன். புழுதி நறநறத்தது. "கராரா, மொறுமொறுன்னு இருக்கு" என்று பெருந்தன்மையாகத் தின்றார் அந்த அம்மாள்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வேர்க்குருவுக்கு முதல் மழைதான் மருந்து. இது இரண்டாவது. அனுப்ப எந்த நியாயமும் இல்லை. அவளை இழுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் முதுகைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தலைமுடியைத் தூக்கிப் பார்த்தேன். பிடரியில் சிவப்பாக இரண்டு புள்ளிகள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, போ" என்றேன். துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு நானும் இறங்கினேன்.