பாதி அர்த்தம்

அறுபதுகளின் கடைசியில் என் அக்கா ஸ்பெயினுக்குப் போனாள். காளையார்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அப்பா காரைக்குடியில் பள்ளி ஆசிரியர். நர்ஸ் படிப்பு முடித்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்த அக்காவுக்கு, ஸ்பெயினில் இருந்த தலைமை மடத்தில் வேலை பார்க்கும்படி உத்தரவு வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய மாதம் முழுக்க ஒரு நோட்டில் ஸ்பானிய வார்த்தைகளை எழுதி மனப்பாடம் செய்தாள். நான்தான் நோட்டை வைத்துக்கொண்டு கேட்பேன். விடைபெற 'அதியோஸ்'. கொஞ்ச நேரத்தில் திரும்புவதானால் 'ஹஸ்தா லுவேகோ'. மறுபடி சந்திப்போம் என்பதற்கு 'நோஸ் வேமோஸ்'. எனக்கு அவள்மேல் கோபம். வீட்டு வேலை மொத்தமும் என் தலையில் விழப்போகிறது. அதைவிட, போவதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அம்மா, "போயிட்டு வாரேன்னு சொல்லுத்தா" என்றாள். அக்கா ஜன்னல் வழியே சிரித்துக்கொண்டு, "நோஸ் வேமோஸ்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா அதற்கு அர்த்தம் கேட்டாள்.

"பாப்போம்னு அர்த்தம்."

எங்கள் பக்கம், மனமில்லாதவர்கள் சொல்லும் சொல் அது. பெண் கேட்டு வந்தவர்களைக்கூட அப்படிச் சொல்லித்தான் அனுப்புவார்கள். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். 'மறுபடி' என்பதை நான் சேர்க்கவில்லை.

ஐந்தாம் வருஷம் அப்பா இறந்தார். வர அனுமதி கிடைக்கவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். நான் வாசித்து முடித்ததும், "அவதான் அன்னைக்கே சொல்லிட்டாளே, பாப்போம்னு" என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "அஞ்சு வருஷமாடி" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஏர்மெயில் தாளை எடுத்து வந்து எழுதச் சொன்னாள். அதுவரை எந்தக் கடிதத்திலும் அம்மா அவளை வரச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சொன்னாள், ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி.

அடுத்த கோடையில் அக்கா வந்தாள். அப்பாவின் கல்லறை முன்னால் நின்றபோது என் பக்கம் திரும்பி, முன்னமே ஏன் யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் மேலிடத்தில் மன்றாடியாவது அப்பா இருக்கும்போதே வந்திருப்பேனே என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்குத்தான் தோணலத்தா" என்றாள் அம்மா, மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டே.